பழைய டூ-இன்-ஒன் வாங்குவதும் ஓட வைப்பதும்

முதலிலேயே ஒரு விதியைச் சொல்லிவிடுகிறேன். ஓடாத செட்டைத் தைரியமாக வாங்கலாம். பாகம் தொலைந்துபோன செட்டை வாங்கக் கூடாது.

டூ-இன்-ஒன், அதாவது பூம்பாக்ஸ் சேகரிக்கப் புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கடைக்காரர் பிளக்கைச் சொருகிக் காட்டுகிறார், பாட்டு வருகிறது, பணம் கை மாறுகிறது. கேசட் கதவு இல்லை, பேட்டரி மூடி இல்லை என்பதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்ணில் படுகிறது. பாட்டு வராத செட்டில் பெரும்பாலும் போயிருப்பது ஒரு ரப்பர் பெல்ட்தான். அது இன்றும் கிடைக்கும். 1980 வாக்கில் ஜப்பானில் வார்த்த கேசட் கதவை இனி யாரும் வார்க்கப் போவதில்லை. அதே மாடல் செட் இன்னொன்றை வாங்கி உடைத்தால்தான் அது கிடைக்கும். அப்படி உடைக்கும்போது உலகில் ஒரு செட் குறைகிறது. ஆகவே எது திரும்பக் கிடைக்கும், எது கிடைக்காது என்பதைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போவதுதான் இந்தப் பொழுதுபோக்கின் முதல் பாடம்.

எந்தக் காலத்துச் செட்

கேசட்டை பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ரேடியோவும் கேசட் ரெக்கார்டரும் ஒரே பெட்டிக்குள் வந்துவிட்டன. ஆனால் இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைபவை ஜப்பானியப் பெட்டிகள். சோனி, ஷார்ப், சான்யோ, ஜேவிசி, ஹிட்டாச்சி, தோஷிபா, ஐவா, மட்சுஷிட்டாவின் நேஷனல் பானாசோனிக் எல்லாம் ஒன்றை ஒன்று மிஞ்சப் பார்த்த 1978 முதல் 1984 வரையிலான காலம்தான் இந்தப் பொருளின் பொற்காலம் என்பது என் கணிப்பு. அந்தக் காலத்துப் பெட்டியைக் கையில் தூக்கினாலே தெரியும். முகப்பில் அலுமினியத் தகடு, உள்ளே கனத்த ஃப்ளைவீல், பெரிய டிரான்ஸ்ஃபார்மர். பெரிய மாடல்கள் பேட்டரி போட்டால் 10 கிலோவைத் தாண்டும். 1985-க்குப் பிறகு பிளாஸ்டிக் மெலிந்தது, எடை குறைந்தது, இரட்டைக் கேசட்டும் கழற்றி வைக்கும் ஸ்பீக்கரும் பரவின, பின்னர் சிடியும் சேர்ந்தது. அவற்றிலும் நல்ல செட்கள் உண்டு. ஆனால் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

வயதைக் கணிக்கச் சில அடையாளங்கள் இருக்கின்றன. மெட்டல் டேப் சந்தைக்கு வந்தது 1979 வாக்கில். டேப் வகையைத் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்சில் ‘நார்மல்’, ‘குரோம்’ இரண்டோடு ‘மெட்டல்’ என்றும் இருந்தால் அந்தச் செட் அதற்குப் பிந்தியது. வளைகுடா நாடுகளிலிருந்து வந்த செட்டில் நேஷனல், பானாசோனிக் என்று இரண்டு பெயரும் சேர்ந்திருந்தால் அது பெரும்பாலும் 1980களின் பிற்பகுதிக்கு முந்தியது. முகப்பில் பிஎம்பிஓ என்று போட்டு நூற்றுக்கணக்கில் வாட் எழுதியிருந்தால் கையை எடுத்துவிடுங்கள். அது ஒரு கணத்தில் எட்டக்கூடிய உச்சத்தைக் கற்பனையாகப் பெருக்கிச் சொல்லும் விளம்பரக் கணக்கு. நல்ல காலத்துச் செட்கள் தங்கள் வாட்டை அடக்கமாகப் பின்பக்கத் தகட்டில்தான் போட்டிருக்கும்.

சில மாடல்களின் பெயர் உலகம் முழுக்கத் தெரிந்ததற்கு நியூயார்க்கின் ஹிப்ஹாப் இளைஞர்கள் காரணம். ராப் பாடகர் எல்எல் கூல் ஜேயின் ‘ரேடியோ’ என்ற 1985-ஆம் ஆண்டு ஆல்பத்தின் அட்டையை நிறைத்து நிற்பது ஜேவிசி ஆர்சி-எம்90. 1989-இல் ஸ்பைக் லீ எடுத்த ‘டூ தி ரைட் திங்’ படத்தில் ரேடியோ ரஹீம் என்ற பாத்திரம் எங்கும் தூக்கிச் செல்லும் பிரோமேக்ஸ் பெட்டி இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியனைச் சேர்ந்த ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஷார்ப் ஜிஎஃப்-777, லாசோனிக் டிஆர்சி-931 என்று அந்த வரிசை நீளும். 10 அங்குல ஸ்பீக்கர் வைத்த ஜேவிசி ஆர்சி-550 மோனோதான், ஸ்டீரியோ கிடையாது. ஆனாலும் அதற்கென்று உயிரை விடும் ரசிகர்கள் இருக்கிறார்கள். கோனியான் சி-100எஃப் மாடலில் யாராவது பெட்டியை நகர்த்தினால் அலறும் திருட்டு எச்சரிக்கையே உண்டு. அதே பெட்டி கிளேர்டோன், ஹீலிக்ஸ் என்ற வேறு பெயர்களிலும் விற்றது. ஆகவே பெயர் மாறியிருந்தால் போலி என்று தள்ளிவிடாதீர்கள், முகப்பின் அமைப்பை ஒப்பிட்டுப் பாருங்கள்.

புதியவர்கள் இவற்றிலிருந்து தொடங்க வேண்டாம். விலை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் பழுது. ஆர்சி-எம்90 போன்ற உயர்ந்த மாடல்களில் விரல் பட்டாலே இயங்கும் மின்கட்டுப்பாட்டுப் பொத்தான்கள் இருக்கும். அதற்குப் பின்னால் சோலினாய்டு, ஐசி, சிறு பற்சக்கரங்கள் என்று ஒரு கூட்டமே வேலை செய்கிறது. ஒன்று போனாலும் கண்டுபிடிக்க அனுபவம் வேண்டும். பியானோ கட்டை மாதிரி அழுத்தும் பொத்தான் உள்ள, ஒரே கேசட் போடும், நடுத்தர அளவு ஸ்டீரியோ செட் ஒன்றை முதலில் எடுங்கள். நேஷனல் பானாசோனிக், சோனி, சான்யோ மூன்றிலும் அப்படிப்பட்டவை ஏராளமாக வந்தன. உள்ளே நடப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்பதால் கைப்பழக்கம் தானாக வரும்.

நம்மூர்ச் செட்டும் ஜப்பான் செட்டும்

1970களின் பிற்பாதியிலும் 80களிலும் துபாய், குவைத், சவுதி என்று வேலைக்குப் போனவர்கள் விடுமுறையில் திரும்பும்போது கொண்டுவந்த சாமான்களில் டூ-இன்-ஒன்னுக்குத் தனி மரியாதை இருந்தது. கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் அப்படி வந்த பெட்டிகள் இன்னும் பரண்களில் கிடக்கின்றன. சென்னை பர்மா பஜாரில் வாங்கியவையும் உண்டு. இவற்றை முதலில் தேடுங்கள் என்பேன். அதற்குக் காரணம் பாசம் மட்டுமல்ல. அந்தச் சந்தைக்கென்று செய்த செட்களில் பின்பக்கம் வோல்டேஜ் மாற்றும் ஸ்விட்ச் இருக்கும், எஃப்எம் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை எடுக்கும், பெரும்பாலும் இரண்டு சிற்றலை வரிசைகளும் இருக்கும். பிளக்கைச் சொருகுவதற்கு முன் அந்த ஸ்விட்ச் 220 அல்லது 240-இல் நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். யாரோ குழந்தை 110-க்குத் தள்ளி வைத்திருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

ஜப்பான் உள்நாட்டுச் சந்தைச் செட்கள் இப்போது இணையம் வழியாக வருகின்றன. அழகில் அவற்றுக்கு இணை இல்லை. தோஷிபாவின் ‘பாம்பீட்’ வரிசை, ஜேவிசி தன் நாட்டில் ‘விக்டர்’ என்ற பெயரில் விற்ற செட்கள் எல்லாம் பார்த்தாலே ஆசை வரும். ஆனால் அவை 100 வோல்ட்டுக்கானவை. நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் அதோடு முடிந்தது. கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 110 வோல்ட் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர். இந்தச் செட்களுக்கு 100 வோல்ட் தருவதாகக் கேட்டுச் செய்து வாங்குங்கள். கேசட் மோட்டார் டிசியில் ஓடுவதால் 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் வித்தியாசம் வேகத்தைப் பாதிக்காது. இன்னொரு விஷயம்: அந்தக் காலத்தில் ஜப்பானில் எஃப்எம் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். 1977-இல் இந்தியாவின் முதல் எஃப்எம் ஒலிபரப்பு தொடங்கிய சென்னையிலேயே இன்று பெரும்பாலான நிலையங்கள் அதற்கு மேலேதான் இருக்கின்றன. எனவே அந்தச் செட்டில் எஃப்எம் கேட்கலாம் என்று எண்ணி வாங்காதீர்கள். கேசட்டுக்காக வாங்குங்கள்.

மின்சாரத்தில் சந்தேகம் இருந்தால் பேட்டரிக் கட்டைகளை எண்ணிப் பாருங்கள். 6 கட்டை என்றால் 9 வோல்ட், 8 என்றால் 12, 10 என்றால் 15. செட்டின் ‘டிசி இன்’ துளைக்கும் அநேகமாக அதே வோல்ட்தான். அடாப்டர் மாட்டும்முன் துளையின் அருகே உள்ள சிறு படத்தைப் பாருங்கள். பழைய ஜப்பானியச் செட்களில் நடுமுனை நெகட்டிவாக இருப்பது சகஜம். இப்போது கடையில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுமுனை பாசிட்டிவ். மாற்றிக் கொடுத்தால் செட் தாங்காது.

கடையில் என்ன பார்ப்பது

காயலான் கடை, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை, உறவினர் வீட்டுப் பரண், மூடப்போகும் ரேடியோ ரிப்பேர் கடை. பழைய செட் வெளிவரும் இடங்கள் இவைதான். கையில் ஒரு சிறு டார்ச், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு இயர்போன், போனாலும் கவலைப்படாத ஒரு கேசட் இருக்கட்டும். பிரியமான கேசட்டைத் தெரியாத செட்டில் போடாதீர்கள், டேப்பைத் தின்றுவிடும்.

விலை பேசும்முன் கண்ணால் சுற்றி வாருங்கள். கேசட் கதவு, பேட்டரி மூடி, வால்யூம் குமிழ்கள், நழுவும் கன்ட்ரோல்களின் சிறு தொப்பிகள், கைப்பிடியின் இரண்டு மூட்டுகள், ஸ்பீக்கர் முன்வலை, டயல் கண்ணாடி. இவை எல்லாம் அந்தந்த மாடலுக்கென்றே செய்தவை. பேட்டரி மூடிதான் அதிகம் தொலைவது. ஆன்டெனா ஒடிந்திருந்தால் மட்டும் கவலை வேண்டாம், சென்னை ரிச்சி தெருவில் பொருத்தமான ஒன்று கிடைத்துவிடும். ஸ்பீக்கரைச் சுற்றியுள்ள வளையம் துணியா, ஃபோமா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். துணி நிற்கும். ஃபோம் தொட்டால் பொடியாகும். ஆனாலும் அதை மாற்ற முடியும், விலையைக் குறைத்துப் பேசினால் போதும்.

அடுத்து பேட்டரி அறை. இது செட்டின் ஜாதகம். ஸ்பிரிங்குகள் வெள்ளி நிறத்தில் இருந்தால் நிம்மதி. பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் கசிவு எங்கே வரை போயிருக்கிறது என்று பாருங்கள். ஸ்பிரிங்கோடு நின்றிருந்தால் சரி செய்யலாம். ஒயர் வழியாக உள்ளே ஏறி போர்டின் செம்புக் கோடுகளைத் தின்றிருந்தால், எவ்வளவு அழகான செட்டாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். நம்மூரில் அதிகம் புழங்கிய கார்பன்-ஜிங்க் கட்டைகளின் கசிவு அமிலத்தன்மை கொண்டது, சமையல் சோடாவைக் கரைத்துத் துடைக்க வேண்டும். ஆல்கலைன் கட்டைகளின் கசிவு காரம், அதற்கு வினிகரோ எலுமிச்சைச் சாறோ வேண்டும். எதைக் கொண்டு துடைத்தாலும் கடைசியில் ஆல்கஹாலால் துடைத்து நன்றாக உலர விடுங்கள்.

“ரேடியோ எடுக்குது சார், டேப்புதான் ஓடல. ஒரு பெல்ட் போட்டா போதும்” என்பார் கடைக்காரர். நீங்களே சோதிக்கலாம். கேசட் போடாமல் ‘பிளே’யை அழுத்திக் காதைக் கொண்டுபோங்கள். மோட்டார் சுழலும் மெல்லிய இரைச்சல் கேட்டு, ஸ்பூல் மட்டும் நகராவிட்டால் அவர் சொன்னது சரி. சத்தமே இல்லாவிட்டால் ஸ்விட்ச், மோட்டார், மின்சாரம் என்று சந்தேகம் பல பக்கம் போகும், விலையும் அதற்கேற்ப இறங்க வேண்டும். பின்பு டார்ச்சைக் கேசட் அறைக்குள் அடித்து ஹெட்டைப் பாருங்கள். பளபளவென்று வழவழப்பாக இருந்தால் நல்லது. டேப் உரசிய இடத்தில் பள்ளம் விழுந்து, நகத்தால் தடவினால் தட்டுப்பட்டால் அந்த ஹெட் தேய்ந்துவிட்டது. பொதுவான ஹெட் பொருத்தலாம் என்றாலும் பழைய தரம் வராது. கடைசியாகப் பின்பக்கம் மூக்கை வையுங்கள். தூசி வாடை பரவாயில்லை. கருகிய வாடை வந்தால் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்திருக்கலாம்.

இணையத்தில் வாங்குகிறவர்கள் ‘செக் பண்ணவில்லை’ என்ற வாக்கியத்தை ‘ஓடவில்லை’ என்றே படிக்க வேண்டும். விற்பவரிடம் பேட்டரி அறையின் படத்தையும் கேசட் கதவைத் திறந்து எடுத்த படத்தையும் கேளுங்கள். அனுப்பும்போது கட்டைகளை எடுத்துவிடவும், கைப்பிடியை மடக்கிக் கட்டவும், அட்டைப்பெட்டிக்குள் இன்னொரு அட்டைப்பெட்டி வைக்கவும் சொல்லுங்கள். வழியில் பெட்டி கீழே விழுந்தால் உள்ளே உள்ள கனத்த டிரான்ஸ்ஃபார்மர் தன்னைத் தாங்கும் பிளாஸ்டிக் தூண்களைப் பிய்த்துக்கொண்டு போர்டின்மேல் விழும். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது.

திறப்பதும் பெல்ட் மாற்றுவதும்

மின்கம்பியைச் சுவரிலிருந்து உருவி, கட்டைகளை எடுத்த பிறகுதான் ஸ்க்ரூடிரைவரைத் தொட வேண்டும். ஜப்பானியத் திருகுகள் நம் சாதாரண நட்சத்திர ஸ்க்ரூடிரைவருக்குப் பொருந்துவதுபோலத் தோன்றும், ஆனால் அழுத்தினால் வழுக்கித் தலையைச் சிதைத்துவிடும். ஜேஐஎஸ் வகை ஸ்க்ரூடிரைவர் ஒன்று வாங்குவது கட்டாயம். பல செட்களில் திறக்க வேண்டிய திருகுகளின் பக்கத்தில் சிறு அம்புக்குறி இருக்கும். பெரும்பாலும் ஒரு திருகு பேட்டரி அறைக்குள் ஒளிந்திருக்கும். எல்லாம் கழற்றியும் மூடி வரவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள், இன்னொரு திருகைத் தேடுங்கள். மூடி பிரிந்ததும் வெடுக்கென்று இழுக்கவும் கூடாது. ஆன்டெனா ஒயரும் ஸ்பீக்கர் ஒயரும் அதோடு சேர்ந்து சோல்டர் செய்யப்பட்டிருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒயரின் நிறம் நினைவில் நிற்காது.

என் மேசையில் இப்போது ஒரு சான்யோ செட் திறந்து கிடக்கிறது. கேசட் இயந்திரத்தைப் பெயர்த்துத் திருப்பினால் ஃப்ளைவீலின் விளிம்பில் ஒரு கறுப்பு வளையம். அது பெல்ட். நாற்பது ஆண்டுகளில் உருகிய தார்போல ஆகி, மோட்டாரின் பித்தளைச் சக்கரத்திலும் பக்கத்துத் தகட்டிலும் வழிந்து காய்ந்திருக்கிறது. விரல் பட்ட இடமெல்லாம் கறை, சோப்புக்குப் போகாது. கையுறை போட்டுக்கொண்டு, மரக்குச்சியால் பெரிதாக உள்ளதை வழித்தெடுத்து, பின்பு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக்குச்சியால் பொறுமையாகத் துடைக்க வேண்டும். மோட்டார் சக்கரத்தின் பள்ளத்தில் ஒரு துளி ஒட்டியிருந்தாலும் பாட்டு ஒவ்வொரு சுற்றிலும் துள்ளும். இந்த வேலைக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆகும், அவசரப்பட்டுப் பயனில்லை.

புதிய பெல்ட் வாங்க அளவு வேண்டும். பழையது முழுதாகக் கிடைத்தால் அளப்பது சுலபம். கரைந்துபோயிருந்தால் சக்கரங்களைச் சுற்றிப் பெல்ட் போகும் வழியில் ஒரு நூலை ஓட்டி நீளத்தை அளந்து, அதிலிருந்து 5 முதல் 8 சதவீதம் குறைத்த சுற்றளவில் வாங்குங்கள். ஃப்ளைவீலுக்குத் தட்டைப் பெல்ட், கவுன்டருக்கும் வேகமாகச் சுற்றுவதற்கும் சதுரப் பெல்ட் என்பது பொதுவான அமைப்பு. மிக இறுக்கமான பெல்ட் மோட்டாரின் புஷ்ஷைத் தேய்க்கும், தளர்ந்தது வழுக்கும். அவசரத்துக்கு வீட்டு ரப்பர் பேண்டைப் போடுகிறவர்கள் உண்டு. அதன் தடிமன் இடத்துக்கு இடம் மாறுவதால் நாதஸ்வரத்தின் நீண்ட ஒரு சுரத்தைக் கேட்டாலே அலைவது தெரிந்துவிடும். சோதிப்பதற்குக்கூட வேண்டாம்.

இயந்திரம் வெளியே இருக்கும்போதே பின்ச் ரோலரைக் கவனியுங்கள். டேப்பை கேப்ஸ்டன் தண்டோடு சேர்த்து அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளை அது. பளபளப்பாக இறுகியிருந்தால் டேப் ஒரு பக்கமாக ஏறி உள்ளே சிக்கிக்கொள்ளும். ‘செட் கேசட்டைத் தின்னுது’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஆல்கஹாலால் துடைத்தும் பளபளப்பு போகாவிட்டால் மாற்றிவிடுங்கள்.

பாட்டு ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் வந்தாலோ, வீல் என்று ஊளையிட்டாலோ உடனே ஐசி போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ரெக்கார்டிங்குக்கும் பிளேக்கும் மாற்றும் நீண்ட நழுவு ஸ்விட்ச் ஒன்று போர்டில் இருக்கும். அதன் தொடுமுனைகள் கறுத்தால் இப்படியெல்லாம் நடக்கும். காண்டாக்ட் கிளீனரை அதற்குள் பீய்ச்சி, ‘ரெக்கார்ட்’ பொத்தானை இருபது முப்பது தடவை அழுத்தி விடுங்கள். கேசட் இல்லாமல் அந்தப் பொத்தான் இறங்காது. கேசட் அறையின் பின்புறம் ஒரு சிறு நெம்புகோல் இருக்கும், அதை விரலால் உள்ளே தள்ளிக்கொண்டு அழுத்த வேண்டும். செத்துப்போனது என்று ஒதுக்கப்பட்ட எத்தனையோ செட்கள் இந்த ஒரு வேலையால் பிழைத்திருக்கின்றன. வால்யூம் திருகும்போது கரகரவென்றால் அதற்கும் இதே மருந்து.

வேகமும் சாய்வும்

செட் ஓடத் தொடங்கியதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஓடுவது வேறு, சரியாக ஓடுவது வேறு. கேசட் டேப் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் நகர வேண்டும். இதைச் சரிபார்க்க 3000 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனைக் கேசட் விற்கிறது, கைபேசியில் உள்ள அதிர்வெண் செயலியே அளந்து சொல்லும். 3090 காட்டினால் 3 சதவீதம் வேகம் அதிகம். அந்தக் கேசட் இல்லாதவர்கள் ஒரு பாட்டைக் கேசட்டிலும் கைபேசியிலும் ஒரே நேரத்தில் தொடங்கிப் பார்க்கலாம். 5 நிமிடப் பாட்டு 9 விநாடி முன்னால் முடிந்தால் அதுவும் 3 சதவீதம்தான். ஆனால் அந்தக் காலத்து ரெக்கார்டிங் சென்டர்களில் பதிந்து வாங்கிய கேசட்டுகளின் வேகமே சரியாக இருந்திருக்காது. அதனால் இரண்டு மூன்று கம்பெனிக் கேசட்டுகளில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பல மோட்டார்களின் பின்பக்கம் ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே உள்ள திருகை மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் மயிரிழை அளவு திருப்பினால் போதும், வேகம் மாறும்.

ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங்கோடு நிற்கும் திருகு ஹெட்டின் சாய்வைச் சரிசெய்வது. சாய்வு கெட்டிருந்தால் பாட்டு கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல மங்கும். தாளமும் ஜாலராவும் நிறைந்த ஒரு கம்பெனிக் கேசட்டை ஓடவிட்டு, அந்தத் திருகை இங்கும் அங்குமாகக் கால் சுற்றுக்குள் திருப்பி, ஜாலரா மிகத் தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்துத் திருகைப் பூட்டிவிடலாம். காதால் செய்யும் இந்த வேலையைப் போலத் திருப்தி தருவது இந்தப் பொழுதுபோக்கில் வேறு எதுவும் இல்லை என்பேன்.

வெளிப்பக்கத்தைத் தின்னர், பெட்ரோல் கொண்டு துடைக்காதீர்கள். எழுத்துகள் அழியும், பிளாஸ்டிக் இளகும். பாத்திரம் கழுவும் திரவத்தை நீரில் கலந்து, பழைய டூத்பிரஷ் கொண்டு, குமிழ்களைக் கழற்றித் தனியாகக் கழுவினால் போதும். அலுமினியத் தகட்டைப் பாலிஷ் போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம். அதன் நுண்கோடுகள் போய்விட்டால் திரும்பாது.

வைத்திருப்பது

கடற்கரை ஊர்களின் ஈரக்காற்று இந்தப் பெட்டிகளுக்கு முதல் எதிரி, பரணின் வெயில் வெக்கை இரண்டாவது. பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டாமல் பருத்தித் துணியால் மூடி, காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள். கேட்டு முடித்ததும் கட்டைகளை எடுத்துவிடுங்கள். நல்ல செட்கள் பெரும்பாலும் உள்ளே மறந்துபோன கட்டைகளால்தான் நாசமாகியிருக்கின்றன. மாதம் ஒரு முறையாவது ஒரு பக்கம் கேசட்டை ஓடவிட வேண்டும். ஓடாமலே கிடந்தால் புது பெல்ட்டும் ஒரே இடத்தில் மடங்கி வடிவம் கெடும், எண்ணெய் இறுகும், ஸ்விட்ச் கறுக்கும். அதனால்தான் ஒருவர் பராமரிக்க முடிகிற எண்ணிக்கைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறேன். அலமாரி நிறைய ஊமைப் பெட்டிகளை அடுக்கி வைப்பதைவிட வாரம் தவறாமல் பாடும் நான்கு பெட்டிகள் நல்ல சேகரிப்பு.

புதிதாகக் கடையில் விற்கும், பழைய தோற்றத்தில் செய்த கேசட் செட்களைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். இன்று உற்பத்தியாகும் அநேகமாக எல்லாவற்றிலும் இருப்பது தனாஷின் என்ற எளிய பழைய இயந்திரத்தின் மலிவான நகல். டால்பி இரைச்சல் குறைப்பு இருக்காது, ஃப்ளைவீல் இலேசானது. அந்தப் பணத்துக்கு ஒரு பழைய நடுத்தரச் செட்டை வாங்கிப் பெல்ட் மாற்றுங்கள்.

உங்கள் ஊரில் வயதான ரேடியோ மெக்கானிக் ஒருவர் இருந்தால் இந்த மாதமே போய்ப் பாருங்கள். டயல் நூலை டிரம்மில் எத்தனை சுற்று, எந்தப் பக்கம் சுற்றி ஸ்பிரிங்கில் மாட்டுவது என்பது எந்தப் புத்தகத்திலும் முழுதாக எழுதப்படவில்லை, அவர் கையில்தான் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள், அதற்கு உரிய கூலியையும் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. வீடுகளிலிருந்து வாங்கும் செட்டில் சில சமயம் உள்ளேயே ஒரு கேசட் கிடக்கும். அதைப் பாட்டு என்று எண்ணி உடனே ஓடவிடாதீர்கள், பொத்தானை மாற்றி அழுத்தி அதன்மேல் பதிந்தும் விடாதீர்கள். கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் நாக்குகளை முதலில் உடைத்துவிடுங்கள், அதன் பிறகு எந்தச் செட்டும் அதை அழிக்க முடியாது. வளைகுடாவிலிருந்தவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் கடிதத்துக்குப் பதிலாகக் குரலைப் பதிந்து அனுப்பிக்கொண்ட காலம் அது. சரிசெய்த, நம்பிக்கையான செட்டில் போட்டுக் கேட்டு, வீட்டார் குரல் இருந்தால் கணினியில் பதிவு செய்து, மூலக் கேசட்டையும் பிரதியையும் செட் விற்ற குடும்பத்திடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் விலை கொடுத்து வாங்கியது பெட்டியை மட்டும்தான்.